இருபத்திரண்டு பிழைகள்

அருளானந்தம் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையோடு வாழ்ந்தவர். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்கவில்லை. திரையில் உள்ளதைப் பார்வையில்லாதவர்களுக்குப் படித்துக்காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைச் சோதிக்கக் கற்றுக்கொள்ள வந்தார்.

கற்றுக்கொடுத்தவள் நஸ்ரீன். அவர் வயதில் பாதிகூட இல்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. அந்த மென்பொருளின் குரலை நம்பித்தான் வேலைக்கே போகிறாள். அவருக்கு அவள்தான் குரு.

மென்பொருளை எழுதுவது பொன்செல்வி என்ற நர்ஸ். சம்பளம் கிடையாது. டியூட்டி முடிந்த நேரத்தில் எழுதுகிறாள்.

அருளானந்தம் மென்பொருளைச் சோதித்துப் பார்த்து, அவளுக்கு மின்னஞ்சலில் முதல் கடிதம் போட்டார். மறுநாளே, "இனி என்னால் முடியாது, வேறு ஆள் பாருங்கள்" என்று பதில் வந்தது. வேறு ஆள் யாருமில்லை. நஸ்ரீனிடம் போய்ப் புலம்பினார்.

"இருபத்திரண்டு பிழை இருந்துச்சும்மா. இருக்கிறதைத்தானே சொன்னேன்? பொய் சொல்லணுமா?"

நஸ்ரீன் அவருடைய கடிதத்தைத் திறந்து, அந்த மென்பொருளையே படிக்கவிட்டாள்.

"பிழை ஒன்று. இதுகூடத் தெரியாதா?" என்றது குரல். "பிழை இரண்டு. அரைகுறை வேலை." இருபத்திரண்டையும் படித்து, "முழுவதையும் திரும்ப எழுதுக" என்று முடித்தது. அருளானந்தத்துக்கு அவமானமாக இருந்தது.

"எங்கயாவது திக்குச்சா சார்?"

"இல்லம்மா."

"ஒரு வார்த்தையாவது தப்பாப் படிச்சுதா?"

"இல்ல."

"திக்காமப் படிக்குதுங்கறதை எத்தனாவதா எழுதியிருந்தீங்க?"

அவர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

"உங்கள் மென்பொருள் என் கடிதத்தைத் திக்காமல் படித்தது. அப்படி எழுதியதற்கு மன்னியுங்கள். பஸ் நேர அட்டவணையில் மட்டும் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். முடிந்தபோது பாருங்கள்."

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பதில் வந்தது. குரல் படித்தது:

"அந்தப் பக்கத்தை அனுப்பினது ரொம்ப உதவி சார். எங்க நிக்குதுன்னு தெரியாம ஒரு மாசமாத் தேடிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை லீவு, சரி பண்ணிடறேன்."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார் அருளானந்தம். நஸ்ரீனும் அன்றுதான் சிரித்தாள். ஆனால் பழைய பழக்கம் அவரை விடுமா?

"அப்ப மீதி இருபத்தொண்ணு?"

"அதுக்கென்ன சார். இப்பத்தான் திருத்த ஆள் இருக்காங்களே."