உப்பில்லாத சோறு

"தாயி, எம் பொண்டாட்டி எனக்கு உப்புப் போடாம சோறு வைக்கிறா."

சடையாண்டி இதைச் சொன்னபோது அவன் கண் மடத்தம்மாவின் மேல் இல்லை. மேற்கே, தன் ஊர் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மடத்தம்மா வயதில் அவனுக்குத் தங்கை போல. ஊருக்கு வெளியே பாழாய்க் கிடந்த கல்மடத்தைக் கூட்டிப் பெருக்கித் தனியாகக் குடியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் கேட்டவனுக்குத் தூக்கம் போய்விடும். சடையாண்டி அமாவாசை தவறாமல் வந்து அவள் முன்னால் உட்கார்ந்தவன்தான். சித்திரைக்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இப்போது ஆவணி.

"சித்திரையில என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒரு செப்புக் கொப்பரை கிடைச்சுச்சு தாயி."

கோடைமழையில் அவன் வீட்டு உள்அறைச் சுவர் ஒன்று இடிந்திருக்கிறது. அதை எடுத்துக் கட்ட அவனும் அண்ணன் வெள்ளையனும் கடப்பாரை போட்டார்கள். ணங்கென்று ஒரு சத்தம். செப்புக் கொப்பரை. வாய் வரைக்கும் பொன்.

சடையாண்டி, அவன் மனைவி அங்கம்மா, அண்ணன், மூன்று பேருமாகத்தான் அதை வெளியே எடுத்தார்கள். தூக்க முடியாமல் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டதாம்.

அந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அதுதான். மறுநாளே இடிந்த சுவரை அடைத்துவிட்டு, சடையாண்டி சந்தைக்குப் போய்க் கொப்பரை இருந்த அறைக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தான். பெண்டாட்டிக்கு ஒரு சேலை எடுப்போம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

"அண்ணன் எங்க?"

"தோட்டத்துக் குடிசையில இருக்காரு. நாந்தான் போகச் சொன்னேன். அறைப் பக்கம் எட்டி எட்டிப் பாத்தாரு."

"அவரு பொறந்த வீடு. பாக்க மாட்டாரா?"

அவன் இன்னும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். மடத்தம்மாவே மேலே கேட்டாள்.

"புதையலுக்குப் பூதம் காவல் இருக்கும்பாகளே. அது வந்துச்சா?"

சடையாண்டியின் குரல் தணிந்தது.

"வந்திருக்கு தாயி. ஆனா என் கண்ணுக்குத் தெரியலை."

"வேற யாரு கண்ணுக்குத் தெரியுது?"

"எம் மக செவந்திக்கு. விளக்கு வைக்கிற நேரத்துல அறை வாசல்ல வந்து நிக்கிறா. உள்ள பாக்குறா. 'அம்மா, பூதம் உக்காந்திருக்கு'ங்கிறா. நான் கொப்பரை பக்கத்துலயேதான் இருக்கேன். மூலை முடுக்கெல்லாம் பாக்குறேன். ஒண்ணையும் காணோம். 'எங்க இருக்கு ஆத்தா, காட்டு'ன்னு கேட்டா வீல்னு கத்திட்டு ஓடுறா."

மடத்துக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அவன் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"அங்கம்மா என்ன சொல்றா?"

"அவ எங்கிட்டப் பேசியே நாளாச்சு. சோத்தை இலையில போட்டு அறைக்கு வெளிய வைக்கிறா. வச்சதும் முதுகைக் காட்டிட்டுப் போயிடுறா. திரும்பிப் பாக்குறதே இல்லை. வாயில வச்சா உப்பில்லை. விஷம் வச்சிருக்காளோன்னு பூனைக்குப் போட்டுப் பாத்தேன். பூனை நல்லாத்தான் இருக்கு."

"பூனை மேல அம்புட்டு நம்பிக்கை."

"கேலி பண்ணாதீக தாயி. வெள்ளிக்கிழமை அவ புள்ளையக் கூட்டிக்கிட்டுத் தாய்வீட்டுக்குப் போறாளாம். போனா வரமாட்டா. அவுக ரெண்டு பேரும் இல்லாம நான் எப்படி இருப்பேன்?"

அழுதான். பொய்யழுகை இல்லை. மகள் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் அழும்போதும் அவன் முகம் மேற்கேதான் இருந்தது.

மடத்தம்மா அவன் பார்த்த திசையைத் தானும் பார்த்தாள்.

"உங்க ஊர்ல பூதத்துக்குப் படையல் எப்படிப் போடுவாக?"

"இலையில சோறு வைப்போம்."

"எங்க வைப்பீக?"

"அது இருக்கிற இடத்துக்குள்ள போகக்கூடாது. வாசலுக்கு வெளியவே வச்சிரணும்."

"வச்சுட்டு?"

"திரும்பிப் பாக்காம வந்திரணும். பாத்தா கூடவே வந்திரும்."

"அந்தச் சோத்துல உப்புப் போடுவாகளா?"

சடையாண்டி வாயைத் திறந்தான். "பூதத்துக்கு யாரு உப்புப் போடு..." என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மடத்துக்குள் ஒரு பல்லி கத்தியது.

அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். நகங்கள் வளைந்து வளர்ந்திருந்தன. தாடியைத் தொட்டான். அது நெஞ்சு வரை வந்திருந்தது. எப்போது இப்படி ஆனது என்று அவனுக்கு நினைவில்லை. அவனுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

"அப்ப முன்னாடி காவல் இருந்த பூதம்?"

"மாத்து ஆள் கிடைச்சதும் எந்திரிச்சுப் போயிருக்கும். எம்புட்டுக் காலமா உக்காந்திருந்துச்சோ, பாவம்."

"கொப்பரையத் தூக்கி ஆத்துல போட்டுடுறேன் தாயி."

"போட்டுட்டு ஆத்தங்கரையில உக்காந்திருப்பே."

"கோயிலுக்குக் குடுத்துடுறேன்."

"குடுத்துட்டுக் கோயில் வாசல்ல படுத்திருப்பே."

"நான் என்னதான் செய்ய?"

மடத்தம்மா எழுந்து வந்தாள். அவன் தோள் இரண்டையும் பிடித்து, உட்கார்ந்தபடியே அவனைக் கிழக்கே பார்க்கத் திருப்பினாள். உடம்பு திரும்பியது. கழுத்து மட்டும் மேற்கே போகப் பார்த்தது. தாடையைப் பிடித்து அதையும் திருப்பினாள்.

"வீட்டுல போயி இப்படி உக்காரு. அறையத் திறந்து போட்டுட்டு, அதுக்கு முதுகைக் காட்டி உக்காரு."

"எம்புட்டு நேரம்?"

"யாராவது உன் முகத்தைப் பாக்குற வரைக்கும்."

வியாழக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். கூடத்தில் அங்கம்மா துணிமூட்டைகளைக் கட்டி வைத்திருந்தாள்.

சடையாண்டி பூட்டைத் திறந்து, கதவை விரியத் தள்ளினான். கொப்பரையின் மூடியை எடுத்துக் கீழே வைத்தான். பிறகு அறை வாசலுக்கு வந்து, உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. இத்தனை மாதம் கண் எடுக்காமல் பார்த்த பொருள் முதுகுக்குப் பின்னால் திறந்து கிடக்கிறது. பிடரியில் தணல் வைத்தாற்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு அறைக்குள் காலடிச் சத்தம் கேட்டது.

அண்ணனோ என்று நினைத்தான். ஆனால் அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. அந்த ஒரே வாசலில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

நெடுந்தூரம் நடந்து களைத்த காலடி அது. கொப்பரை வரை போய் நின்றது. ஒரு பெருமூச்சு. யாரோ மெல்லத் தரையில் உட்கார்ந்தார்கள். பொன்னோடு பொன் உரசியது.

திரும்பு, திரும்பு என்று உடம்பு முழுவதும் துடித்தது. அவன் வாசல் நிலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

செவந்தி வந்தாள். தினமும் நிற்பதுபோல் அறை வாசலுக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடிவிடுவாள் என்று பயம். கண்ணை மட்டும் அவள் மேல் வைத்திருந்தான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, மறுபடியும் பார்த்தாள். ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அப்பா" என்றாள்.

சமையலறை வாசலில் முதுகைக் காட்டி நின்றிருந்த அங்கம்மா, அதைக் கேட்டுத் திரும்பினாள்.

செவந்தி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் தோளுக்கு மேலாக அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. அவன் காதோடு கேட்டாள்:

"அப்பா, உள்ள உக்காந்திருக்கிறது யாரு?"

சடையாண்டி திரும்பிப் பார்க்காமல் எழுந்தான்.

"யாரா இருந்தா என்னத்தா, இருந்துட்டுப் போகட்டும். வா, பெரியப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டு வருவோம்."