ஏழு வாய் சொன்ன ஏரி

முள்காட்டு ஓரத்தில் ஒரு குட்டை. அதில் மூக்காயி என்ற ஆமையும் வீரணன் என்ற தவளையும் இருந்தார்கள். பெயர்தான் வீரணன். சருகு விழுந்தால் சேற்றுக்குள் போய்விடுவான். மூக்காயிக்கு அவன்மேல் தனிப் பிரியம். திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே!

அந்த வருஷம் மழை பொய்த்தது. குட்டை ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்னும் நாலு நாள் தாங்கும். அவ்வளவுதான்.

அந்தக் குட்டைக்கு ஒரு வழக்கம். ஏழு வாய் சொன்னால் அது செய்தி. ஒரு வாய் குறைந்தாலும் வதந்தி. யார் வைத்த வழக்கம்? தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு காலையில் வீரணன் குதித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா! கிழக்கே பெரிய ஏரியாம்! நீலமா, பளபளன்னு கிடக்காம்! மைனா சொல்லுச்சு, அணில் சொல்லுச்சு, ஓணான், கௌதாரி, முயல், கீரி, காக்காய்... ஏழு வாய் ஆச்சு! கிளம்பு!"

"எவ்வளவு தூரம்டா?"

"எனக்கு ஒரு நாள். உனக்கு ரெண்டு நாள்."

மூக்காயி யோசித்தாள். நிழல் இல்லாத கரட்டு நிலம். போய்ச் சேரும் வரை உயிர் தாங்கும். அங்கே தண்ணீர் இல்லாவிட்டால் திரும்பி வரத் தாங்காது.

"இரு. கேட்டுட்டு வரேன்."

"ஏழு வாய்க்கா!"

"இருன்னா இருடா!"

மைனாவிடம் போனாள். "ஏரியை நீ பார்த்தியா?"

"நான் எங்கே பார்த்தேன்? அணில் சொல்லுச்சு."

அணிலுக்குக் கௌதாரி சொன்னது. கௌதாரிக்குக் காக்காய். முயலுக்கும் காக்காய்தான். கீரி, ஓணான் சொன்னதாகச் சொன்னது. ஓணானைக் கேட்டால் மண்டையை மண்டையை ஆட்டியது. காக்காயைப் பார்த்து ஆட்டியது. கடைசியில் காக்காயைப் பிடித்தாள். அதற்குச் சொன்னது பருந்து.

"டேய், இது ஏழு வாய் இல்லை. ஒரே வாய். மத்ததெல்லாம் எதிரொலி."

"ஆனா சொன்னது பருந்து, அக்கா! வானத்துல இருந்து எலி வாலைப் பார்க்கிற கண்ணு! நீ ஊர்ந்து ஊர்ந்து விசாரி. நான் போய் உனக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்!"

தாவிப் போயேவிட்டான். இத்தனை நாள் வராத வீரம் அன்றைக்குப் பார்த்து வந்தது!

மூக்காயி, பருந்து உட்காரும் குட்டைக்கரைப் பனைமரத்தடிக்குப் போய்க் கத்தினாள்.

"பருந்தண்ணே! அந்த ஏரியில காலை நனைச்சீங்களா?"

"நான் எதுக்கு நனைக்கணும்? மேலேருந்து பார்த்தேன். நீலமா மின்னுச்சு."

"காத்தடிச்சப்போ அலை எழும்புச்சா?"

பருந்து யோசித்தது. "இல்லை."

"கரையில கொக்கு நின்னுச்சா?"

"ஒண்ணுகூட இல்லை."

"கொக்கு நிக்காத ஏரியா அண்ணே?"

பருந்து கழுத்தைச் சொறிந்துகொண்டது. பொய் சொல்லும் பிறவி இல்லை அது. கண்ணில் பட்டதைச் சொன்னது. அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை.

சேற்றோரத்தில் ஒரு சின்னக் குரல் எழுந்தது. முக்குளிப்பான். முங்கி முங்கி மீன் பிடிக்கும் குட்டிப் பறவை. அதன் நெஞ்சு இறகெல்லாம் சிராய்ந்திருந்தது.

"நான் அதுல இறங்கினேன்க்கா. தண்ணியே இல்லை. கண்ணாடிப் பலகை! சறுக்கி விழுந்தேன். அப்புறம் மேற்கே பறந்தேன். பழைய கல்குவாரிப் பள்ளத்துல தண்ணி இருக்கு. நேத்தே வந்து சொன்னேன். ஒத்தை வாய்னு எல்லாரும் சிரிச்சாங்க."

"காலைக் காட்டு."

விரலிடுக்கில் பச்சைப் பாசி. இந்தக் குட்டையில் பாசி செத்து ஒரு மாதம் ஆகிறது.

மூக்காயி நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, ரெண்டு இடத்துக்கும் போங்க. இந்தத் தடவை இறங்கிப் பாருங்க. முதல்ல கிழக்கே. என் முட்டாப்பய ஒருத்தன் அங்கே போறான்!"

பருந்து பாய்ந்தது. ஏரிமேல் இறங்கியது. கால் சுட்டது! வெயிலைப் பிடிக்க மனிதர்கள் வரிசை வரிசையாக நட்டு வைத்த சோலார் பேனல்கள். பதறித் திரும்பியது. பாதி வழியில் வீரணன் தோல் காய்ந்து, மூச்சிரைத்து, இன்னும் கிழக்கே பார்த்தே தத்திக்கொண்டிருந்தான். பருந்து கவ்வித் தூக்கியது.

"ஐயோ! தின்னுடாதே! நான் கசப்பேன்!"

"வாயை மூடு! உங்க அக்கா அனுப்பினா."

குட்டையில் தொப்பென்று போட்டது. பிறகு மேற்கே போனது. அலகு சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது. "குடிச்சுட்டே வந்துட்டேன்! நல்ல தண்ணி!"

வெயில் தாழ எல்லாரும் மேற்கே கிளம்பினார்கள். வீரணன் மூக்காயியின் முதுகில் உட்கார்ந்திருந்தான். அப்புறம் மெல்லக் கேட்டான்.

"அக்கா, இதைச் சொன்னது ரெண்டே வாய்தானே?"

"ஆமாடா. ரெண்டும் நனைஞ்ச வாய். ஆடாம உட்காரு, விழுந்துடுவே!"

மறுநாள் குவாரிப் பள்ளத்தில் இறங்கினார்கள். இப்போது அங்கே வழக்கம் வேறு. யார் செய்தி கொண்டுவந்தாலும், "காலைக் காட்டு" என்கிறான் வீரணன்.

எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காமல், முதலில் சொன்னவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்.