பங்கஜாட்சியின் பாட்டைப் பாடியவள்

“அக்கா, என் பாட்டை வேற எவளுக்காவது சொல்லிக் குடுத்தீங்களா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள் பங்கஜாட்சி.

பாட்டு வாத்தியாரம்மா கோமளவல்லி தம்பூராவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஊமைப்படக் காலத்தில் பங்கஜாட்சி கண்ணைச் சிமிட்டினால் கொட்டகையே விசிலடிக்கும். இப்போது படம் பேச ஆரம்பித்துவிட்டது. குரல் தேறாதவர்களை முதலாளிகள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயத்தில்தான் அவள் கோமளவல்லியிடம் வந்து சேர்ந்தாள். நேற்றுதான் ஸ்டூடியோவில் அவள் பாடிய முதல் பாட்டைப் பதிவு செய்தார்கள்.

“இன்னிக்கு அங்க போனேன். பதிவு அறைக்குள்ள ஒருத்தி என் பாட்டைப் பாடறா! கதவையே பார்த்துக்கிட்டு நின்னேன். பதிவுக்காரர் மட்டும் வெளியே வந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்க வேற செய்யறார். அவளைப் பின்வாசல் வழியா அனுப்பியிருப்பாங்க.”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு எப்படித் தெரியும்?”

“சரணத்துல நீங்க போடற குழைவு அப்படியே விழுந்துச்சே. வேற யார் சொல்லிக் குடுப்பா?”

“எப்படிப் பாடினா?”

“மூக்கால பாடறா. மேல ஏறும்போது மூச்சு வாங்குது.”

பங்கஜாட்சி சற்றுத் தயங்கினாள்.

“கடைசி அடி மட்டும்... என்னமோ பண்ணிடுச்சு.”

கோமளவல்லி எழுந்தாள்.

“வா. போய்ப் பிடிப்போம்.”

குதிரை வண்டியில் போகும்போது பங்கஜாட்சி அவள் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு நிதானமாக இருக்கிறாளே, முன்னாலேயே ஆள் அனுப்பி அந்தப் பாடகியைத் தப்ப விட்டுவிட்டாளோ?

பதிவு அறையில் யாரும் இல்லை. பங்கஜாட்சி திரையை விலக்கிப் பார்த்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். பின்வாசல் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

கோமளவல்லி பதிவுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் இசைத்தட்டைச் சுழலவிட்டார்.

கரகரப்பு. ஒரு இருமல். பிறகு ஒரு பெண்ணின் குரல்:

“அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க. தொண்டை காயுது.”

நேற்று பாடுவதற்கு முன்னால் பங்கஜாட்சி கேட்டது அது.

அடுத்து, அதே மூக்குக் குரலில் பாட்டு தொடங்கியது.

பங்கஜாட்சி பக்கத்தில் இருந்த முக்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஆள் அகப்பட்டுட்டா” என்றாள் கோமளவல்லி. “துரத்திடச் சொல்லவா?”

பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது.

“வேணாம்க்கா” என்றாள் பங்கஜாட்சி. “இன்னொரு தடவை போடச் சொல்லுங்க.”