சுவர் சொன்ன சாட்சி

வேலங்குடிக் கோட்டையில் படைக்கு ஆள் எடுத்தார்கள். ஆடு திருடிய குற்றத்துக்காக அந்தக் கோட்டைச் சிறையில் மூன்று வருஷம் கிடந்து விடுதலையான கொப்பையனும் வரிசையில் போய் நின்றான்.

தளபதி விருப்பாட்சி அவனை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் ராஜா இருந்ததால் குரலை உயர்த்தினார்.

"திருட்டுப் பயலுக்கு வேல் கொடுப்பதா? நீ யோக்கியனாகிவிட்டாய் என்பதற்கு ஒரு சாட்சி கொண்டு வா, சேர்த்துக்கொள்கிறேன்."

அவனுக்காக வாய் திறக்க ஊரில் ஒருத்தரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"சாட்சி உள்ளேதான் இருக்கு, வாங்க சாமி" என்று கொப்பையன் இருவரையும் தன் பழைய சிறை அறைக்குக் கூட்டிப்போனான். எலிகூடத் தப்பாது என்று தளபதி பெருமையடிக்கும் அறை அது. மூலையில் ஒரு பெரிய கல்லைப் பிடித்து இழுத்தான். கல் கையோடு வந்தது. ஓர் ஆள் நுழையும் ஓட்டை வழியாக வெளியே கம்பங்காடு தெரிந்தது.

தளபதியின் முகம் கறுத்தது.

"இதை எப்போது கண்டுபிடித்தாய்?" என்று ராஜா கேட்டார்.

"வந்த முதல் மாசமே, மகாராஜா."

"பிறகு ஏன் ஓடவில்லை?"

"தண்டனை மூணு வருஷமாச்சே. நான் செஞ்ச தப்புக்கு நான்தானே இருந்து கழிக்கணும்?"

ராஜா தளபதியின் பக்கம் திரும்பினார்.

"தளபதி, இவனுக்கு வேல் கொடுங்கள். வழி திறந்திருந்தும் ஓடாதவன் போர்க்களத்திலும் நிற்பான்."

வேல் கைக்கு வந்தபோதுதான் கொப்பையனுக்குக் கண் கலங்கியது.