இளவரசி தேடிய கிலுகிலுப்பை

முன்னொரு காலத்தில், குமிழாற்றங்கரை நாட்டை மணிவேழன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு பித்து, மாலையில் ஒரு பித்து.

அந்த ஐப்பசியில் ஆறு உடைப்பெடுத்தது. அக்கரை ஊர்க்காரர்கள் குன்றின்மேல் ஏறிப் பசியோடு கிடந்தார்கள்.

"உடனே படகில் நெல் அனுப்புவோம்" என்றார் மந்திரி நல்லாண்டார்.

மந்திரியைக் கண்டாலே வயிறெரியும் களஞ்சிய அதிகாரி விருத்தகிரி குறுக்கே பாய்ந்தார். "மகாராஜா, மழையில் அக்கரையே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாதது இல்லாததுதானே? ஆனியில் நம் இளவரசியின் கிலுகிலுப்பையைத் துணியால் மூடினோம். குழந்தை தேடினாளா? வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கள்ளமில்லாத பிள்ளையே சொல்லிவிட்டாள்!"

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "சபாஷ்! நெல் வேண்டாம்."

"அப்போது அவள் தவழக்கூட இல்லை, மகாராஜா. இன்று அவளையே கேட்போம்" என்றார் மந்திரி.

ராணி குழந்தையைச் சபையில் இறக்கிவிட்டாள். மந்திரி கிலுகிலுப்பையைச் சிவப்புப் பட்டுக்கு அடியில் ஒளித்தார். குழந்தை தவழ்ந்து வந்து பட்டை இழுத்தெறிந்தாள். சபை கைதட்டியது.

"நானும் ஒளிக்கிறேன்" என்றார் விருத்தகிரி. முதலில் அதே சிவப்புப் பட்டு, எடுத்துவிட்டாள். அடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைப் பட்டுக்கு அடியில் வைத்து, குழந்தையைச் சற்று நேரம் பிடித்து நிறுத்திவிட்டு, பிறகு விட்டார்.

குழந்தை நேரே சிவப்புக்குப் போனாள். தூக்கினாள். ஒன்றுமில்லை.

"தோற்றாள்! தெரிந்திருந்தால் பச்சைக்கல்லவா போயிருப்பாள்?" என்று குதித்தார் விருத்தகிரி. ராஜாவும் தலையாட்டினான். மந்திரி வெளியே கொட்டும் மழையைப் பார்த்தார். குன்றின்மேல் எத்தனை பிள்ளைகளோ!

ஆனால் குழந்தை விடவில்லை. கம்பளத்தைத் தடவினாள். உதடு பிதுங்கியது. விருத்தகிரியின் அங்கவஸ்திரத்தைப் பிடித்திழுத்து அதற்கடியிலும் பார்த்தாள். சபை கொல்லென்று சிரித்தது.

மந்திரி முகம் மலர்ந்தது. "இடம் தவறியது உண்மைதான். ஆனால் மகாராஜா, இல்லாத பொருளை யாராவது இப்படித் தேடுவார்களா? எங்கே என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. இருக்கிறது என்று தெரியும். ஆனியில் மறந்தவள் ஐப்பசியில் தேடுகிறாள். வளர்ந்துவிட்டாள்."

ராஜா மகளைப் பார்த்தான். "நான்தான் இன்னும் ஆனியிலேயே நிற்கிறேன் என்கிறீர், அப்படித்தானே?"

"நான் சொல்லவில்லை, மகாராஜா."

"சொல்லவும் வேண்டாம்!" ராஜா உரக்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு அணிவித்தான். "களஞ்சியத்தின் சாவியும் இனி உம்மிடமே. எல்லாப் படகும் புறப்படட்டும். விருத்தகிரி, முதல் படகில் நீர் போம். ஆள் இருக்கிறார்களா என்று கண்ணாலேயே பார்த்துவிட்டு வாரும்!"

மழைத் திரைக்குள் படகுகள் நுழைந்தன. முன்னால் நனைந்துகொண்டே நின்ற விருத்தகிரி, "யாராவது இருக்கிறீர்களா?" என்று கத்தினார்.

குன்றே அதிர ஆயிரம் குரல்கள் எழுந்தன: "இருக்கிறோம்!"