மூடி போட்டு எடுத்த படம்

கொண்டல்சாமிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஒரு தோளில் மடிக்கணினி, மறு தோளில் கேமராப் பை, சட்டைப் பித்தான் ஒன்று தப்பான துளையில். அந்தக் கோலத்திலேயே குருவைத் தேடி ஓடினார்.

குரு மலையிலும் இல்லை, குகையிலும் இல்லை. கோவில்பட்டி மெயின் ரோட்டில், மருந்துக்கடை மாடியில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பெயர் டாக்டர் ஜெபக்கனி. சீடரைவிட இருபது வயது இளையவர். கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊரில் பல் டாக்டருக்கு ஓய்வு ஏது? ஆனாலும் வானம் தெளிந்திருந்தால் மொட்டைமாடித் தொலைநோக்கியில் கேமராவைப் பூட்டிப் படம் எடுப்பார். அப்படி எடுத்த ஒன்று ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கியது. பல்வலியோடு வந்த கொண்டல்சாமி வாயைப் பிளந்தபடி அதைப் பார்த்தவர், வைத்தியம் முடிந்த பிறகும் வாயை மூடவில்லை. அன்றைக்கே சீடராகிவிட்டார்.

மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். கரண்ட் போனால்தான் ஊருக்கு அவர் ஞாபகம் வரும். வந்துவிட்டால் மறந்துபோகும். பெயரிலேயே மேகத்தை வைத்திருக்கிறவருக்கு வானம் எங்கே தெரியப்போகிறது என்று வீட்டில் வேறு கேலி.

"டாக்டரம்மா, கிடைச்சிருச்சு!"

கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன கிடைச்சிருச்சு? மொதல்ல உக்காருங்க ஐயா."

உட்காரவில்லை. மடிக்கணினியைத் திறந்து நீட்டினார்.

திரையில் கோமா கொத்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் ஓரிடத்தில் மொய்த்துக் கிடக்கும் இடம் அது. ஒவ்வொன்றும் நம் பால்வீதியைப்போல ஒரு நட்சத்திரக் காடு. அங்கே புறப்பட்ட ஒளி கொண்டல்சாமி வீட்டுக் கொல்லைக்கு வந்துசேர முப்பது கோடி வருஷத்துக்கும் மேல் ஆகும். கொல்லையில் தொலைநோக்கியை நிறுத்தி, ராத்திரி முழுக்க ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கி, அதைக் கொண்டுவந்திருந்தார்.

"இந்தப் பெரிய கேலக்ஸிக்குப் பக்கத்துல பாருங்க. ஒரு புள்ளி. பழைய படம் எதுலயும் இது இல்ல, தேடிட்டேன். நட்சத்திரம் வெடிச்சிருக்கு டாக்டரம்மா! எனக்கு முன்னாடி யாரும் பாக்கல! புதுசாக் கண்டதைப் பதியுற வானியல் சங்கத்துக்கு ரிப்போர்ட் எழுதி வச்சிட்டேன். வேற எவனாவது முந்திக்கிறதுக்குள்ள அனுப்பிரலாமா?"

விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. முகத்தில் வாயெல்லாம் பல். அதில் ஒன்று குரு கட்டிவிட்டது.

டாக்டர் குனிந்து படத்தைப் பெரிதாக்கினார்.

"நட்சத்திரமெல்லாம் உருண்டையா இருக்கு. தொலைநோக்கியை வானத்தோட சேத்துத் திருப்புற தாங்கி நல்லா ஓடிருக்கு."

"ஒரு மயிரிழை நகரல!"

"இந்தப் புள்ளி மட்டும் ரொம்பக் கூர்மை."

"ஆமாங்க!"

"முப்பது கோடி வருஷம் பயணம் பண்ணி வந்தது, கோவில்பட்டிக் காத்துல கொஞ்சங்கூட நடுங்கல பாத்தீங்களா?"

கொண்டல்சாமிக்கு அது பாராட்டாகவே பட்டது. "அதுதாங்க அதிசயம்!" என்றார்.

"கடைசில மூடி போட்டு எடுத்தீங்களா?"

இது வானத்தைப் படம் எடுக்கிறவர்களின் வழக்கம். எல்லாம் எடுத்து முடித்ததும் தொலைநோக்கியின் வாயை மூடிவிட்டு, அதே அளவு நேரம் வெறும் இருட்டையும் எடுத்து வைப்பார்கள். கொண்டல்சாமிக்கு முதலிலிருந்தே பிடிக்காத சடங்கு.

"இல்லைங்க. நல்ல வானத்தை வச்சுக்கிட்டு இருட்டை எதுக்குப் படம் எடுக்கணும்? மெயினை அணைச்சிட்டு மீட்டர் பாக்குற மாதிரில்ல இருக்கு?"

டாக்டர் சிரித்தார்.

"கேமராவுக்கு மூடியைப் போடுங்க. வானத்துக்கு எடுத்த மாதிரியே அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள நான் ஒரு பல்லைப் பிடுங்கிட்டு வந்துடறேன்."

"இப்பவா? அனுப்பிட்டு எடுக்கக் கூடாதா?"

"அஞ்சு நிமிஷம் ஐயா."

கேமராவுக்கு ராத்திரிக் குளிர் கிடைக்கட்டும் என்று ஏசியை முடிந்த மட்டும் குளிராக்கிவிட்டுப் போனார். குறடுகளுக்கு நடுவே தட்டில் கேமரா கிடந்தது. உள்ளே யாரோ "ஆ" என்றார்கள். ஜப்பான்காரன் எவனாவது இந்நேரம் பார்த்திருப்பானோ என்று கொண்டல்சாமிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இருந்தாலும் குரு சொல்லாயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

படம் வந்தது. ஒரே கறுப்பு. உப்புத் தூவினாற்போல அங்கங்கே பொடிப் புள்ளிகள். நடுவில், அதே இடத்தில், அதே கூர்மையோடு, அவருடைய நட்சத்திரம்.

மூடியைத் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. இன்னொரு படம் எடுத்தார். அதிலும் இருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஐயா, மெயினை அணைச்ச பிறகும் மீட்டர் ஓடுச்சுன்னா என்ன சொல்வீங்க?"

முகம் செத்துப்போயிருந்தது சீடருக்கு.

"மீட்டர்லதாங்க பழுது."

எழுதி வைத்திருந்த ரிப்போர்ட்டை அழித்தார். உலகத்தின் முன் மானம் போகவிருந்தது தப்பியது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கோ அழுகை வந்தது. எங்கே விளக்கு அணைந்தது என்று திட்டு வாங்கியே காலம் போயிற்று. எங்கோ ஒரு விளக்கு எரிந்ததை முதல் ஆளாகச் சொல்ல ஆசைப்பட்டது தப்பா?

"ஒண்ணு ரெண்டு பத்தாது. இன்னும் எடுங்க" என்றார் டாக்டர்.

எடுத்தார். பல் போனவர்கள் போக, பல்வலிக்காரர்கள் வர, கொண்டல்சாமி மூலையில் உட்கார்ந்து இருட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இப்ப இந்த இருட்டையெல்லாம் சேத்து, அந்த வானத்துலருந்து கழிங்க."

கழித்தார். அவருடைய நட்சத்திரம் போயிற்று. உப்புப் பொடியும் போயிற்று.

"வெளிச்சத்தைக் கூட்டுங்க."

முன்பு கூட்டினால் படம் முழுக்கப் புழுதியாகும். இப்போது ஆகவில்லை. கறுப்பு கறுப்பாகவே இருக்க, அதற்குள் ஒரு திட்டு மங்கலாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் கதிர்போல நீண்டு இன்னொன்று. கீழே ஒரு கூட்டம்.

"டாக்டரம்மா! இது கேலக்ஸி! இங்கயும் பாருங்க! ஐயையோ, இந்த மூலையிலயுமா? நான் அழுக்குன்னுல்ல நினைச்சேன்!"

சத்தம் கேட்டு வெளியே இருந்தவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வாயில் பஞ்சைக் கடித்திருந்த ஒருவர், பேச முடியாமல், விட்டுப்போன ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினார். "ஆமாய்யா, அதுவும்தான்!" என்று அவர் தோளில் ஓங்கித் தட்டினார் கொண்டல்சாமி. அந்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் பழைய ஆசை மெல்ல எட்டிப் பார்த்தது.

"இதெல்லாம் ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிஞ்சதுதான?"

"ஆமா. எல்லாத்துக்கும் நம்பர் போட்டு வச்சிருக்காங்க."

"அப்ப, எனக்கு முன்னாடி யாரும் பாக்காததுன்னு இதுல ஒண்ணுகூட இல்லையா டாக்டரம்மா?"

டாக்டர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். கேலக்ஸிகளை ஓரமாக ஒதுக்கினார். மூடி போட்டு எடுத்த கறுப்புப் படத்தைத் திரை முழுக்க விரித்து, அவர் முன்னால் வைத்தார்.

"இருக்கே. உங்க கேமராவுக்குள்ள இருக்கிற இந்த இருட்டை உங்களுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்ல ஐயா."