பெயர் சொல்லாத மலை

கணக்கில் புலி, பேச்சில் புலி என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் அந்தப் பெயரை வாரிக் கொடுக்கிறோம். மரப்பாறை மலையில் மட்டும் நிஜப் புலிக்கே அந்தப் பெயர் கிடையாது. காட்டுக்குள் 'பெரியது' என்றுதான் சொல்வார்கள். எவனாவது பெயரைச் சொல்லிவிட்டால், கூட வந்த மலைக்காரர்கள் அந்தக் கணமே மலையிறங்கிவிடுவார்கள். யார் தடுத்தாலும் நிற்க மாட்டார்கள்.

அந்த மலையில் பிறந்த பவளாயி வாழ்க்கைப்பட்டது அடிவாரத்து ரங்கப்பனுக்கு. கையில் துப்பாக்கி, வாயில் வீரம். மேலே பல்லி விழுந்தால் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ஜென்மம்.

மாடுகளைத் தின்ற புலியைக் கொன்றவருக்கு ஓடைக்கரை நிலம் என்றார் ஜமீன்தார். புலி செத்தது. உடம்பில் ஈட்டிக் காயமும் இருந்தது, ரங்கப்பன் சுட்ட குண்டுக் காயமும் இருந்தது. ஈட்டியால் குத்திய மலைக்காரன் காரி, அதே புலி அடித்து இறந்துபோனான். அவன் மனைவி கும்பியின் குடிசை இருந்ததே அந்த ஓடைக்கரையில்தான். நிலம் ரங்கப்பனுக்குப் போனால் அவள் கைக்குழந்தையோடு தெருவில் நிற்க வேண்டும்.

சபையில் ரங்கப்பன் மீசையை முறுக்கினான். "காரியோட ஈட்டி சும்மா கீறிச்சு, எஜமான். காட்டுக்குள்ள நான் நேருக்கு நேர் நின்னு, 'அடே புலி, வாடா!'ன்னு கூவினேன். பாய்ஞ்சுது, சுட்டேன். கூட வந்த மலைக்காரங்க நாலு பேரும் கடைசிவரைக்கும் பக்கத்துலயே நின்னு பார்த்தாங்க."

அந்த நால்வரும் தேனெடுக்கத் தூரத்து மலைக்குப் போயிருந்தார்கள். வெட்கங்கெட்டவனுக்கு அந்தத் தைரியம். ஜமீன்தாரும் தலையாட்டினார். கும்பி அழுதாள்.

பவளாயிக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து நின்றாள். "எஜமான், என் புருஷன் சொல்றது பச்சைப் பொய்."

கேட்டவர்களே, சொல்லுங்கள்: பொய் எந்த இடத்தில் பிடிபட்டது? கட்டினவனைச் சபையில் கவிழ்த்தாளே, அவள் செய்தது சரியா?

விடை: காட்டுக்குள் அந்தப் பெயரைக் கூவியிருந்தால் நால்வரும் அப்போதே இறங்கியிருப்பார்கள். கடைசிவரை நின்றார்கள் என்றால் அவன் கூவவே இல்லை. எப்படிப் பார்த்தாலும் பொய். பவளாயி இதைச் சொன்னதும் ரங்கப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. காரி குத்திச் செத்துக் கிடந்த புலியைத்தான் சுட்டேன் என்று உளறிவிட்டான். நிலம் கும்பிக்குப் போனது. சரியா தவறா என்பதற்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். "சபையில என் மானத்தை வாங்கிட்டியேடி!" என்று வீட்டுக்கு வந்து அவன் குதித்தபோது, உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இருந்தாத்தானே வாங்குறதுக்கு?"